அரைப்புள்ளி

காதலின் இயல்பு குறித்த
பண்டைய கிரேக்கர் கருத்துகளை ஒப்பிடுக.
பத்து மதிப்பெண்.
கேள்வியை எடுத்தது நான்தான்,
குடும்ப நீதிமன்றத்தில் வாய்தா வாங்கித் திரும்பிய
காரைக்குடி பஸ்ஸில், நின்றுகொண்டே.

இன்றைக்கு விடைத்தாள்கள் நூற்றுப்பதினேழு.
மஞ்சள் பைக்குள் திணித்து
பள்ளத்தூர் நகர விடுதிக்கு வந்திருக்கிறேன்
கோயிலுக்குப் புள்ளிவரி கட்ட.

எங்கள் கணக்கில்
கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு புள்ளி.
ஒருவர் போய்விட்டால் இருப்பவர் அரை.

வயிரவன் பேரேட்டைப் புரட்டினார்.
"அவுக புள்ளி இருக்கு ஆச்சி.
தையில புதுசா எழுதியாச்சு."
"என்னுது?"
"செத்திருந்தா அரைன்னு போட்டுரலாம்..."
நாக்கைக் கடித்துக்கொண்டார்.
"அவுக செத்திருந்தான்னு சொல்ல வந்தேன்."

காரியக்காரரிடம் கேட்டு வருகிறேன் என்று
போனோடு முற்றத்துக்கு நகர்ந்தார்.
நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

ஆதியில் மனிதர் உருண்டையாக இருந்தார்களாம்,
நாலு கை, நாலு கால், முகம் இரண்டு.
கொழுப்பெடுத்து வானத்தில் ஏறப் பார்த்தவர்களை
நுங்கு சீவுவதுபோல் சீவிவிட்டார் கடவுள்.
அன்றிலிருந்து
அரை தன் அரையைத் தேடி அலைகிறது.
அந்தக் கடவுளின் பெயரைச் சிவன் என்று எழுதியிருந்தார்
தேவகோட்டைப் பையன் ஒருவர்.
அரை மதிப்பெண் குறைத்தேன்.

ஏணிக் கதையை எல்லாரும் மனப்பாடம் செய்திருந்தார்கள்.
ஓர் உடலின் அழகில் கால் வை.
பிறகு எல்லா உடலிலும் அதே அழகைப் பார்.
உடலை விட்டு உள்ளத்துக்கு ஏறு,
உள்ளத்திலிருந்து சட்டத்துக்கு, அறிவுக்கு,
கடைசியில் கையும் முகமும் இல்லாத பேரழகுக்கு.
ஏறியவன் திரும்பிப் பார்ப்பதில்லை.
கீழ்ப்படி என்ன ஆனது என்று
நூற்றுப்பதினேழு பேரில் ஒருவரும் கேட்கவில்லை.
பதினாறு வருஷம் நான் கீழ்ப்படி.
எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

தோட்டத்தில் நண்பர்களோடு
ரொட்டியும் தண்ணீரும் போதும் என்றிருந்தவர்
கலவி யாருக்கும் நன்மை செய்ததில்லை,
கெடுக்காமல் விட்டால் சந்தோஷப்படு என்றாராம்.
என் வக்கீலும் இதையேதான் சொன்னார்
ஃபீஸ் வாங்கிக்கொண்டு.

அறுபத்தெட்டாவது தாளில் கையெழுத்து கோணல்.
நிலம் நீர் தீ காற்று நான்கையும்
நேசம் கலக்கும், பகை பிரிக்கும்.
நேசம் மட்டும் இருந்தால் உலகம் ஒரே உருண்டை,
மரம் தனி மாடு தனி என்று எதுவும் இருக்காது,
ஆகவே பிரிவும் ஒரு வேலை செய்கிறது டீச்சர்.
டீச்சர் என்று விடைத்தாளில் எழுதக் கூடாது.
அடிக்கோடிட்டு, அப்படியே விட்டேன்.

அதே தாளின் கடைசிப் பக்கம்:
இரண்டு மெய்யில் ஓர் உயிர், அதுதான் நட்பு.

உடல் என்று எழுதியிருக்கலாம்.
மெய் என்று எழுதிவிட்டது பிள்ளை.
பேனா நின்றுவிட்டது.
தமிழில் இரண்டு மெய் அடுத்தடுத்து வந்து
உயிர் ஒன்றே ஒன்று என்றால்
அது ஒரு மெய்யில்தான் ஏறும்.
மற்றது பக்கத்தில் நிற்கும்
தலையில் புள்ளியோடு.
அப்பா, அம்மா, பத்து, பற்று.
எதை எழுதிப் பார்த்தாலும் அப்படித்தான்.

முழுப் புள்ளியில் நான் இருந்த காலமெல்லாம்
அந்தப் புள்ளி யார் தலையில் இருந்தது?

வயிரவன் திரும்பி வந்தார்.
"அந்த மாதிரி ஒரு கலம் கிடையாதாம் ஆச்சி.
வேணும்னா பொதுவுல வரவு வெச்சுக்கலாம்.
புள்ளின்னு எழுத முடியாது."
"வரவுன்னே எழுதுங்க."
"இனிஷல்?"
"வேண்டாம். பேர் மட்டும்."

உ என்று தொடங்கி
மெதுவாக, பழைய மைப்பேனாவால்
உமையாள் என்று எழுதி முடித்து
ளகரத்தின் தலையில் புள்ளி வைத்தார்.
மை கசிந்து
கொஞ்சம் பெரிதாகவே விழுந்துவிட்டது.

ரசீது காயட்டும் என்று விசிறினேன்.
இன்னும் நாற்பத்தொன்பது தாள் இருக்கிறது.